ஆள் ஏழு

ஜூன் 9, திங்கள்

புது இடம். அரசூர் தாண்டி, பம்ப் வார்க்கும் ஒரு ஃபவுண்டரி. அதில் கோர் ஷாப் என்று ஒரு பிரிவு, ஆறு பெண்கள். பம்ப்புக்குள்ளே தண்ணீர் ஓட வெற்றிடம் வேண்டும் அல்லவா? அந்த வெற்றிடத்தின் வடிவத்தை முதலில் மணலில் செய்துகொள்கிறார்கள். ஒரு பெட்டியில் மணலை அடைத்து, இடித்து, கேஸ் விட்டு இறுக வைத்து, அப்படியே கவிழ்த்து எடுத்தால் அதுதான் கோர். அதைச் சுற்றி இரும்பை ஊற்றிவிட்டு, பிறகு மணலை உதிர்த்துவிடுவார்கள். இத்தனை வருஷம் பம்ப்புத் தண்ணீரில் குளித்திருக்கிறேன், இன்றைக்குத்தான் இது தெரியும். காலையில் பாதி நேரம் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தேன்.

என் வேலை, அவர்கள் எப்படிக் குனிகிறார்கள், திரும்புகிறார்கள், தூக்குகிறார்கள், அதனால் உடம்புக்கு என்ன ஆகும் என்று அளப்பது. போனில் வீடியோ எடுத்துச் சென்னை ஆபீசுக்கு அனுப்பினால், அங்கே ஒரு மென்பொருள் ஆளை அழித்துவிட்டுக் குச்சி உருவமாக மாற்றி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு அனுப்பும். முகம் இருக்காது, புடவை இருக்காது. அசல் வீடியோவை அங்கேயும் என் போனிலும் உடனே அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று பெயர், அவ்வளவுதான்.

பிளாண்ட் மேனேஜர் தங்கவேலு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "செவப்பு வந்த ஆள கோர் ஷாப்புல வெச்சுக்க மாட்டமுங்க மேடம். நாளைக்கு இடுப்பு ஒடிஞ்சு கேஸு கீஸுன்னு போனா யாருங்க பதில் சொல்றது? நிறுத்திருவோம்."

"வேற வேலை கொடுக்கலாமே சார்?"

"பொம்பளைங்களுக்கு இங்க வேற வேல ஏதுங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நிறம் போட்டால் ஒருத்தி வீட்டுக்குப் போவாள் என்றால் நான் அளக்க வந்தவளா, ஆள் குறைக்க வந்தவளா?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து பகலில் செல்வி அக்கா பார்த்துக்கொள்கிறார், சாயங்காலத்துக்கு மேல் நான்தான். வழக்கம்போலச் சிலுவை போட்டுக்கொண்டு தூக்கினேன். அப்பாவுக்கு இரண்டு தோசை, எனக்கு மூன்று.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்குக் கேள்வித்தாள். இதைப் போல மானம் போன நாள் இல்லை.

சென்னை ஆபீசில் மொழிபெயர்த்த தாள். முதல் கேள்வி: "உங்களுக்கு இடுப்பு வலி உண்டா?" கோர் ஷாப்பில் மூத்தவர் வசந்தாமணி, ஐம்பது வயதிருக்கும், குள்ளம், குரல் மட்டும் மெஷினை மீறிக் கேட்கும். அவரிடம்தான் முதலில் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுலயாங்க?"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்தது பூங்கொடி, ஆறு பேரில் சின்னவள். அவள் ரொம்பப் பொறுப்பாகப் பதில் சொன்னாள்.

"ரெண்டு தடவ வந்துச்சுங்க மேடம். மூத்தவனுக்கு ராத்திரி பூரா. சின்னவ சீக்கிரம் பொறந்துட்டா."

அடக் கடவுளே. பிரசவ வலியை அல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறேன்! நாகர்கோவிலில் பிறந்து, பிசியோதெரபி படித்து, எத்தனையோ ஃபேக்டரிகளில் இதே தாளை நீட்டி, எல்லா இடத்திலும் பெண்கள் "இல்லை" என்றே எழுதுகிறார்களே, தமிழ்நாட்டில் இடுப்புகள் இவ்வளவு உறுதியா என்று வியந்திருக்கிறேன். "கடைசியாக எப்போது வந்தது?" என்று அடுத்த கேள்வி வேறு. அதை நான் கேட்கவே இல்லை.

சரி, வலி என்ற சொல்லை விட்டுவிட்டு, வேலை முடிந்து போகும்போது உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். எல்லோரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் வசந்தாமணி. மேனேஜர் சொன்ன விதி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

வீடியோ எடுத்தேன். போனை ஸ்டாண்டில் மாட்டி ஒவ்வொருவராக மேசைக்கு முன்னால் நிற்க வைத்தேன். அற்புதமாகக் குனிந்தார்கள்! முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கினார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் போஸ்டரில் இருக்கும் ஆள்கூட இவ்வளவு அழகாகத் தூக்கவில்லை. ஆனால் ஒரு பெட்டிக்கு அவ்வளவு நேரம் எடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை கோர் ஆகும்? கேமரா இல்லாதபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். இடுப்பை மடித்து, ஒரு பக்கமாகத் திருகி, சடாரென்று கவிழ்க்கிறார்கள்.

"அது என்னங்க, அப்ப ஒரு மாதிரி, இப்ப ஒரு மாதிரி?" என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

"அது போட்டோக் குனியலுங்க மேடம்" என்றாள் நாக்கைக் கடித்துக்கொண்டு.

எல்லோரும் முடித்த பிறகு, அந்தப் பெட்டி எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. கேமராவை நிறுத்தச் சொல்லிப் பூங்கொடியிடம் விட்டுவிட்டு நானே சில பெட்டிகளைக் கவிழ்த்தேன். மணலோடு சேர்த்துப் பதினெட்டு கிலோ. ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. வசந்தாமணிதான் பாதியில் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடது கால் மரத்துப்போய்விட்டது. இந்த 20-ஆம் நம்பர் பஸ்களில் சீட்டே சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

லீவு போட்டேன். துணி துவைக்கவில்லை. புதுச் செருப்பு வாங்க வேண்டும், இடதுகால் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்கிறது.

ஜூன் 14, சனி

சென்னையிலிருந்து குச்சி உருவங்கள் வந்துவிட்டன. ஆள் ஒன்று முதல் ஆறு வரை பச்சை. எதிர்பார்த்ததுதான், போட்டோக் குனியலுக்குப் பச்சை வராமல் என்ன வரும்?

ஆனால் ஏழாவதாக ஒன்று இருக்கிறது. ஆறு பேரைத்தானே எடுத்தேன்?

ஆள் ஏழு முழுச் சிவப்பு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறாள். வலது கை நெற்றிக்குப் போகிறது, நெஞ்சுக்கு இறங்குகிறது, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் போகிறது. வியர்வையைத் துடைத்து முந்தானையைச் சரி செய்கிறாள் போலும். பிறகு ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் மேசையைப் பிடித்துக் குனிகிறாள். உடம்பின் பாரம் முழுக்க வலது காலில். இடது கால் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. நிமிரும்போது நேராக நிமிர முடியவில்லை, ஒரு பக்கமாக வளைந்துதான் எழுகிறாள்.

இந்தப் பெண்ணுக்கு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இவள் இனி ஒரு நாள்கூட எதையும் தூக்கக் கூடாது. இப்படியே விட்டால் கால் விழுந்துவிடும். யார் இவள்? இவ்வளவு வேதனையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வேலை செய்கிறாளே, பைத்தியக்காரி!

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். கூட்டம் என்பதால் முழங்காலிடவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டு, அடுத்தவர்கள் எப்படி முழங்காலிட்டு எழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது.

ஆள் ஏழு மண்டையைக் குடைகிறாள். ஒருத்தி லீவு போட்ட நாளில் அவளுக்குப் பதில் தங்கையோ நாத்தனாரோ வந்துபோகிறார்களா? கேமராவைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டு, நான் நகர்ந்ததும் வந்து வேலை பார்த்தாளா? மேனேஜருக்குத் தெரிந்தால் அவளோடு சேர்த்து இன்னொருத்தியின் வேலையும் போகும்.

செல்வி அக்கா இன்று வரவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மூன்று தடவை தூக்கி இறக்கினேன். மத்தியானம் தரையில்தான் படுத்தேன். தரையில் குளிர்ச்சியாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து ஆள் ஏழை அவர்களுக்குக் காட்டினேன்.

"இது யாருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. மேனேஜர்கிட்ட போக மாட்டேன்."

ஆறு தலைகளும் கூடின. குச்சிக் கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, தோள்களுக்குப் போனது. பூங்கொடி "அய்யோ" என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வசந்தாமணி அவள் தொடையில் பட்டென்று ஒன்று வைத்தார். யாரும் சிரிக்கவில்லை அதற்குப் பிறகு.

"இந்தப் புள்ளைக்கு என்ன கலருங்க?" என்றார் வசந்தாமணி.

"சிவப்பு. கடுஞ்சிவப்பு."

"போட்றாதீங்க மேடம். பாவம், அதுக்கு ஊட்ல என்ன கஷ்டமோ. இல்லாட்டி இத்தன நோவ வெச்சுக்கிட்டு வேலைக்கு வருமா?"

"அப்ப உங்களுக்குத் தெரியும். யாரு?"

"தெரியாதுங்க."

"தெரியாம எப்படிங்க பரிஞ்சு பேசறீங்க?"

"பாத்தாலே தெரியுதுல்லங்க, வலிக்குதுன்னு. அந்தப் புள்ளைக்குத்தான் தெரியில போல."

எதையோ மறைக்கிறார்கள். ஒற்றுமையைப் பார், ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. புறப்படும்போது வசந்தாமணி காரணமே இல்லாமல் ஒரு சீசா நொச்சி எண்ணெய் கொடுத்தார். "வெச்சுக்கோங்க, யாருக்காச்சும் ஆவும்" என்றார். அப்பாவுக்குத் தேய்க்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

வேறு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன்! ஆள் ஏழை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவள் நின்ற மேசையைப் பார்க்கலாம் என்று போனேன். அது முழங்காலுக்குச் சற்று மேலே வரை மட்டும்தான் இருக்கிறது. எந்தப் புத்திசாலி இவ்வளவு தாழ்வாக மேசை செய்வான்? கேட்டால், "ஆரம்பத்துல இருந்தே அப்பிடித்தானுங்க" என்கிறார்கள்.

அப்புறம்தான் மற்றவை கண்ணில் பட்டன. கோர் ஷாப் வாசலில் எல்லோரும் தலையைக் குனிந்துதான் நுழைகிறார்கள், குள்ளமான வசந்தாமணிகூட. சுவிட்ச் போர்டு இடுப்பு உயரத்தில் இருக்கிறது. குழாய்க்கு அடியில் குடம் நிற்கவில்லை, சாய்த்துத்தான் பிடிக்கிறார்கள். இந்த அறையில் எல்லாமே கீழே இறங்கியிருக்கிறதே என்று யோசித்தேன். இல்லை, தரை மேலே ஏறியிருக்கிறது!

வசந்தாமணியைக் கேட்டேன். "பெட்டி விழுந்து விழுந்து தரை ஒடையுமுங்க. ஆயுத பூசைக்கு மிந்தி வருசா வருசம் மேல ஒரு காங்கிரீட் போட்டு நெரவிருவாங்க. பூசையன்னைக்குத் தரை புதுசா இருக்கோணுமில்லீங்க."

"பழசைப் பேர்த்துட்டா?"

"அதுக்கேதுங்க நேரம்? மேலயேதான்."

சாக்கடை ஓரத்தில் உடைந்திருந்த மூலையில் பார்த்தேன். பொங்கல் கரும்பின் கணுக்கள் மாதிரி வரிவரியாகக் காங்கிரீட். போல்ட் போட்ட மேசை என்பதால் நகர்த்தாமல் அதன் கால்களைச் சுற்றியே ஊற்றியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் முப்பது ஆயுத பூசைகள், மேசைக் கால் கிட்டத்தட்ட ஒரு முழம் காங்கிரீட்டுக்குள். மேசைக்கு விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, கையோடு அதைப் புதைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் எனக்குக் குதிக்கத் தோன்றியது. குதிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

கேள்வித்தாளைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டு, தரையில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டேன். "யாருக்கெல்லாம் புடிப்பு இருக்கு?"

ஆறு கைகளும் உயர்ந்தன. புடிப்பு, கடுப்பு, வாயு, நரம்பு இழுக்கறது என்று கடகடவென்று வந்தது. பூங்கொடிக்குக் காலையில் குழந்தையைத் தூக்க முடிவதில்லையாம். வலி என்றால் இல்லையாம், புடிப்பு என்றால் எல்லோருக்கும் உண்டாம்!

"அப்படின்னா ஒரு தடவ நிஜமாக் குனிஞ்சு காட்டுங்க, எடுத்துக்கறேன்" என்றேன்.

"நெசமாக் குனிஞ்சா நீங்க செவப்பு போடுவீங்க. பொறவு நாங்க எங்கீங்க போறது?" என்றார் வசந்தாமணி. "என்ற ஊட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது மேடம். என்ற சம்பளந்தான் ஊடு."

பச்சை என்று கொடுத்தால் வேலை இருக்கும், உடம்பு போகும். சிவப்பு என்று கொடுத்தால் உடம்பு இருக்கும், சோறு போகும். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். தரையிலிருந்து எழுந்திருக்கப் பூங்கொடி கை கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள்.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் அப்பாவைத் தூக்கப் போனேன். கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, இடது தோளில் நின்றுவிட்டது.

"என்ன மக்கா, தூக்கலியா?" என்றார் அப்பா.

"அப்பா, நான் எப்பவும் இப்படியா போடுதேன்?"

"எத?"

"சிலுவை."

"ஆமா. பொறவு ஒரு கைய இடுப்புல வைப்ப. பொறவு பல்லக் கடிப்ப. ரெண்டு வருசமாட்டுப் பாத்துக்கிட்டுத்தான கெடக்கேன். கேட்டா ஒண்ணுமில்லம்ப."

போனை எடுத்து ஆள் ஏழை மறுபடி பார்த்தேன். முந்தானையாவது மண்ணாவது! நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். அந்த ஆறு பேருக்கும் மாரியாத்தாளும் முருகனும்தான். அந்த இடத்தில் சிலுவை போடுகிறவள் ஒருத்திதான். பூங்கொடிக்குப் போன் பண்ணினேன். "நீங்க சொன்ன செவப்புப் பட்டன அமுத்துனனுங்க மேடம். நின்னுச்சா இல்லியான்னு சந்தேகமா இருந்துச்சு, இன்னொருக்கா அமுத்திட்டனுங்க" என்றாள். பிறகு மெதுவாக, "கண்டுபுடிச்சுட்டீங்களா?" என்றாள்.

என்னிடமேதான் எனக்காகக் கெஞ்சினார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தார்கள். நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பயம். எனக்குக் கால் விழுந்தால் அப்பாவை யார் தூக்குவார்கள்? இதை எழுதவே இத்தனை நாள் பயம். அப்பா அசைக்க முடிகிற ஒரு கையால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

மேனேஜரிடம் ஆள் ஏழை மட்டும் போட்டுக் காட்டினேன்.

"யாருங்க இது? இத்தன மோசமா இருக்குது! நாளைக்கே நிறுத்திருங்க."

"நிறுத்தியாச்சு சார். நான்தான் அது."

தங்கவேலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க எதுக்குங்க மேடம் பெட்டியத் தூக்குனீங்க?"

"ஆசைதான் சார். என் முதுகு ஏற்கனவே கெட்டது, அது என் கதை. ஆனா மத்த ஆறு பேரும் கேமராவுக்காகக் குனிஞ்சாங்க. கேமரா ஓடறது தெரியாமக் குனிஞ்சது நான் ஒருத்திதான். நெஜமான வீடியோ இது ஒண்ணுதான் இருக்கு. அந்த மேசைக்கு முன்னால அவசரமா வேலை செஞ்சா யாருக்கும் சிவப்புதான். வேணும்னா நீங்க நின்னு பாருங்க."

ரோஷக்காரர். வெள்ளைச் சட்டையோடு வந்து, "எத்தன பெட்டிங்க?" என்றார். பூங்கொடி படம் எடுத்தாள். "பாத்து, ஒருக்கா அமுத்துனாப் போதும்" என்று வசந்தாமணி சொல்ல, ஆறு பேரும் சிரித்தார்கள். மேனேஜர் வேகமாகத்தான் கவிழ்த்தார். கடைசிப் பெட்டியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றார்.

"புடிப்புங்களா சார்?" என்றார் வசந்தாமணி.

சாயங்காலமே சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆள் எட்டு, சிவப்பு.

"அப்ப என்னையும் நிறுத்தோணுமுங்களா?" என்றார் போனில். நான் சாக்கடை மூலையின் போட்டோவை அவருக்கு அனுப்பினேன். அறிக்கையில், கோர் ஷாப்பிலிருந்து நீக்கப்பட வேண்டியவர் என்ற இடத்தில் "தரை" என்று எழுதினேன். சென்னை ஆபீஸ் என்ன சொல்லுமோ சொல்லட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

தரையைப் பெயர்த்துவிட்டார்கள். மேசைக் காலின் அடியில் முதல் வருஷத்துச் சந்தனப் பொட்டின் கறை அப்படியே இருந்ததாம். புது அளவில் மறுபடி எடுத்ததில் நான்கு பச்சை, இரண்டு மஞ்சள், இந்தத் தடவை போட்டோக் குனியல் இல்லாமல். ஆறு பேரும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

இன்றைக்கு வசந்தாமணியும் பூங்கொடியும் வீட்டுக்கு வந்தார்கள், ஆளுக்கு இரண்டு மரக்கட்டைகளோடு. அப்பாவின் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்து உயர்த்திவிட்டார்கள். ஊரிலுள்ள மேசைகளை எல்லாம் அளக்கிறேன், வீட்டில் ஒரு கட்டிலை அளக்கத் தோன்றவில்லையே எனக்கு! கட்டிலைத் தூக்க நானும் கை வைக்கப் போனேன். "நீங்க அக்கட்டால நில்லுங்க, செவப்பு" என்றார் வசந்தாமணி. அப்பா சிரித்ததைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. ராத்திரிக்குத் தூக்கிவிட ஒரு பையனையும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பில் சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன பிரச்சனைங்க மேடம்?"

"இடுப்பு வலி."

நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தாள். "எத்தனாவது மாசமுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இடுப்பில் சுரீர் என்று இழுத்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"மாசமில்லம்மா" என்றேன். "ரெண்டு வருஷமா வலிக்குது."